நாற்பது ஆண்டுகள், அதே நால்வர்: அமாடியஸ் குவார்டெட்டைக் கேட்பது பற்றி

வியன்னா இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் சி மேஜர் தந்தி ஐவரிசையை அமாடியஸ் குவார்டெட் என்ற நால்வர் குழுவினர் மூன்று முறை ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மூன்று பதிவுகளையும் சில ஆண்டுகளாக நான் மாறி மாறிக் கேட்டு வருகிறேன். 1828-ஆம் ஆண்டு, தம் வாழ்வின் கடைசி மாதங்களில் ஷூபர்ட் எழுதிய படைப்பு அது. இரண்டு வயலின், ஒரு வயோலா, தாழ்ந்த குரல் கொண்ட பெரிய வாத்தியமான செல்லோ இரண்டு என்ற அமைப்பில் எழுதப்பட்டிருப்பதால், எந்த நால்வர் குழு வாசித்தாலும் இன்னொரு செல்லோக் கலைஞரை வெளியிலிருந்து அழைத்துக்கொள்ள வேண்டும். 1950களின் தொடக்கத்தில் செய்த பதிவுக்கும் 1960களின் நடுவில் செய்த பதிவுக்கும் வில்லியம் ப்ளீத் வந்து உடன் வாசித்தார். 1986-ஆம் ஆண்டுப் பதிவுக்கு ராபர்ட் கோஹன் வந்தார். விருந்தினர் மாறினார், ஒலிப்பதிவுக் கருவிகள் மாறின, இசைத்தட்டின் வடிவமே மாறிப்போனது. நோர்பர்ட் பிரைனின், சிக்மண்ட் நிசல், பீட்டர் ஷிட்லோஃப், மார்ட்டின் லவெட் என்ற அந்த நால்வர் மட்டும் மூன்றிலும் அதே நால்வராகவே இருக்கிறார்கள்.

அந்த ஐவரிசையின் இரண்டாம் பகுதி மிக மெதுவான காலப்பிரமாணத்தில் தொடங்குகிறது. மேலே முதல் வயலின் சிறு சிறு துணுக்குகளாக ஏதோ சொல்லிவிட்டு நிறுத்துகிறது. கீழே ஒரு செல்லோ வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியை மீட்டுகிறது. இவற்றுக்கு நடுவில் இரண்டாம் வயலின், வயோலா, மற்றொரு செல்லோ ஆகிய மூன்றும் நீண்ட கார்வைகளாக ஒரு மெட்டை மிக மெல்ல நகர்த்திக்கொண்டு போகின்றன. பல காலம் வரை நான் முதல் வயலினின் துணுக்குகளையே பின்தொடர்ந்தேன், ஏனென்றால் காதில் முதலில் விழுவது அதுதான். ஒரு நாள் இரவு, ஏதோ ஒரு காரணத்தால் மனம் நடுவில் நின்ற அந்த மூன்று குரல்களின் பக்கம் போனது. அவற்றில் ஒன்றின் வில் எங்கே திரும்புகிறது என்று கண்டுபிடிக்க முயன்றேன், முடியவில்லை. மூன்று பேருடைய வில்லும் தனித்தனி இடங்களில் திரும்பத்தான் செய்கின்றன, ஆனால் ஒருவர் திரும்பும் கணத்தை மற்ற இருவரின் நாதம் மூடிக்கொள்கிறது. இப்படி ஒருவரை ஒருவர் மூடிக் காப்பாற்றும் வித்தையை மூன்று பேர் எவ்வளவு காலம் சேர்ந்திருந்து கற்றிருப்பார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் குழுவின் வரலாற்றுக்குள் நான் நுழைந்தேன்.

அந்த வரலாறு கச்சேரி மேடையில் தொடங்கவில்லை, தடுப்பு முகாமில் தொடங்கியது. பிரைனின், நிசல், ஷிட்லோஃப் மூவரும் வியன்னாவோடு வேர் கொண்ட யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 1938-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட பிறகு, பதின்வயதிலேயே ஊரை விட்டு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர்கள். இங்கிலாந்து அவர்களை உள்ளே விட்டது. ஆனால் 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்து, படையெடுப்பு நடக்கும் என்ற அச்சம் பரவியபோது, ஜெர்மானிய, ஆஸ்திரியக் குடியுரிமை கொண்டிருந்த ஒரே காரணத்துக்காக, நாஜிகளிடமிருந்து தப்பி வந்த அகதிகளையும் பகைநாட்டவர் என்று வகைப்படுத்திப் பிடித்து அடைத்தது. ஷ்ரோப்ஷையர் பகுதியில் ப்ரீஸ் ஹீத் என்ற இடத்தில் இருந்த முகாமில் பிரைனினும் ஷிட்லோஃபும் சந்தித்தார்கள். பிரைனின் சில மாதங்களில் விடுவிக்கப்பட்டார். ஷிட்லோஃப் ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே நிசலைச் சந்தித்தார். கூண்டில் அடைத்த அரசாங்கத்துக்கு அப்படி ஒரு நோக்கம் இருந்திருக்கவே முடியாது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த நால்வர் குழுக்களில் ஒன்றின் முக்கால் பங்கு அந்த முள்வேலிக்குள்தான் ஒன்று சேர்ந்தது.

வெளியே வந்த பிறகு மூவரும் மாக்ஸ் ராஸ்டல் என்ற ஆசிரியரிடம் வயலின் பயின்றார்கள். அவரும் 1934-இல் பெர்லினை விட்டு லண்டனுக்கு வந்த ஒரு யூத அகதி. இந்த இளைஞர்களிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை. மூவருமே வயலின் வாசிப்பவர்கள் என்பதுதான் அப்போதிருந்த சிக்கல். ஒரு நால்வர் குழுவில் வயலின் இரண்டுதான். மூன்றாமவர் வயோலாவுக்கு மாறியாக வேண்டும். ஷிட்லோஃப் மாறினார். ராஸ்டலிடம் பயின்றுகொண்டிருந்த சூசன் ரோஸா என்ற வயலின் கலைஞர் மூலமாக, செல்லோ வாசிக்கும் மார்ட்டின் லவெட் அறிமுகமானார். லவெட்டும் சூசனும் பின்னாளில் மணந்துகொண்டார்கள். லண்டனிலேயே பிறந்து வளர்ந்த லவெட்தான் நால்வரில் இளையவர்.

ஷிட்லோஃப் செய்த மாற்றத்தின் கனத்தைப் புரிந்துகொள்ள, வயோலா என்ற வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு அது சற்றே பெரிய வயலின் போலத்தான் இருக்கும், ஆனால் வயலினைவிட ஐந்து சுரம் கீழே சுருதி சேர்க்கப்படுவது. அந்தத் தாழ்ந்த ஒலிக்கு முழுப் பொருத்தமாக உடலைச் செய்வதென்றால் அது ஐம்பது சென்டிமீட்டரைத் தாண்டிப் போய்விடும். தோளில் வைத்து வாசிக்கும் மனிதக் கை அவ்வளவு தூரம் எட்டாது. அதனால் நாற்பது சென்டிமீட்டரை ஒட்டிய ஒரு சமரச அளவில்தான் வயோலாக்கள் செய்யப்படுகின்றன. தன் ஒலிக்குப் போதாத உடலிலிருந்து பேசுவதால்தான் அதன் குரலில் ஒரு திரை விழுந்தது போன்ற கம்மல் இருக்கிறது. அந்தக் கம்மலைக் குறை என்று கருதி மறைக்க முயல்பவர்கள் உண்டு. ஷிட்லோஃப் மறைக்கவில்லை. வயலின்காரராக வளர்ந்த கையின் வேகமும் ஒளியும் அவரிடம் அப்படியே இருந்தன, அவற்றோடு அந்தத் திரையையும் ஏற்றுக்கொண்டு வாசித்தார். மொசார்ட்டின் தந்தி ஐவரிசைகளில், விருந்தினராக வந்த செசில் அரோனோவிட்ஸ் இரண்டாம் வயோலா வாசிக்க, ஷிட்லோஃபின் முதல் வயோலா பிரைனினின் வயலினுக்குப் பதில் சொல்லும் இடங்களைக் கேட்டால், வயோலா என்பது வயலினுக்குத் தம்பி என்ற எண்ணம் ஒருவருக்கும் மிஞ்சாது. பிற்காலத்தில் அவர் வாசித்தது இத்தாலிய வாத்தியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த வயோலா; மெக்டானல்ட் என்று பெயர் பெற்றது. ஸ்ட்ராடிவாரியின் வயலின்கள் நூற்றுக்கணக்கில் எஞ்சியிருக்க, வயோலாக்கள் பத்தை ஒட்டிய எண்ணிக்கையில்தான் எஞ்சியிருக்கின்றன.

1947-ஆம் ஆண்டு கோடையில் டெவன் பகுதியின் டார்ட்டிங்டனில், முதல் வயலினின் பெயரால் பிரைனின் குவார்டெட் என்று அவர்கள் வாசித்தார்கள். அங்கே இசைப் பணியை நடத்திவந்த இமோஜன் ஹோல்ஸ்ட், அதாவது இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்டின் மகள், இந்த நால்வர் மீது வைத்த நம்பிக்கை வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. லண்டன் அரங்கேற்றத்துக்குப் பண உதவியும் செய்தார். ஒருவர் பெயரால் குழு அழைக்கப்படுவது சரியல்ல என்று தோன்றியதால், மொசார்ட்டின் நடுப்பெயரான அமாடியஸை நிசல் முன்மொழிந்தார். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி விக்மோர் ஹாலில் அந்தப் பெயரில் முதல் கச்சேரி நடந்தது. பிரைனினுக்கு அப்போது வயது 24, நிசலுக்கு 26, ஷிட்லோஃபுக்கு 25, லவெட்டுக்கு 20. அந்த அரங்கத்துக்கே ஒரு கதை உண்டு. 1901-இல் பெக்ஸ்டைன் என்ற ஜெர்மானியப் பியானோ நிறுவனம் கட்டிய மண்டபம் அது; முதல் உலகப் போரின்போது பகைநாட்டுச் சொத்து என்று பறிமுதல் செய்யப்பட்டு, விற்கப்பட்டு, 1917-இல் இன்றைய பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. பகைநாட்டவர் என்று அடைக்கப்பட்ட மூவர், பகைநாட்டுச் சொத்து என்று பறிக்கப்பட்ட அரங்கில் வியன்னாவின் இசையை வாசிக்க உட்கார்ந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஒரு நால்வர் குழு அன்றாடம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு, கச்சேரி செய்கிறது என்பது மிகச் சிறிய பகுதி விடை. பெரும்பகுதி ஒத்திகை. ஒத்திகையின் பெரும்பகுதி பேச்சு, வாக்குவாதம், திரும்பத் திரும்ப ஒரே இரண்டு வரிகளை வாசித்தல். இசைக்குழுவுக்குக் கோல் வீசி நடத்துபவர் ஒருவர் உண்டு. அவர் சொன்னால் முடிந்தது. நால்வருக்கு அப்படி யாரும் கிடையாது. ஒரு சொற்றொடரை வில்லின் எந்தப் பகுதியால் தொடங்குவது, மேல்நோக்கியா கீழ்நோக்கியா, இசைத்தாளில் ‘மென்மையாக’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒலி மெலிய வேண்டுமா அல்லது தூரம் போக வேண்டுமா, முடிவில் எவ்வளவு நேரம் மூச்சு விடுவது என்று ஒவ்வொன்றும் நால்வரும் ஒப்ப வேண்டியவை. ஒப்பாதபோதும் அன்று மாலை மேடையேறி ஒரே மூச்சாக வாசித்தாக வேண்டும்.

சுருதி விஷயம் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் இசையைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே விளங்கும். வயலினின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கு அடுத்தது சட்ஜ பஞ்சம உறவில் சேர்க்கப்படுகின்றன: ஜி, டி, ஏ, ஈ. வயோலாவும் செல்லோவும் சி, ஜி, டி, ஏ. செல்லோவின் அடித்தந்தியான சி-யிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியையும் பிசிறில்லாத பஞ்சமமாகச் சேர்த்துக்கொண்டே வந்தால், நான்காவது படியில் வயலினின் ஈ தந்தி வந்து நிற்கும். சி-யைச் சட்ஜமாகக் கொண்டால் ஈ அதற்கு அந்தர காந்தாரம். ஆனால் தம்பூராவின் மந்தர தந்தியிலிருந்து தானாக எழும் காந்தாரத்தைவிட, இப்படிப் பஞ்சமப் படிகளில் ஏறி வந்த காந்தாரம் ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஏறத்தாழ 22 பங்கு கூடுதலாக இருக்கிறது. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே சுத்தம். எல்லாம் சேர்ந்து ஒலித்தால் பொருந்தாது. ஆகவே செல்லோக்காரர் தம் சி தந்தியைச் சற்று ஏற்றி வைக்கிறார், மற்றவர்கள் தம் பஞ்சமங்களைச் சற்று நெருக்குகிறார்கள், முதல் வயலின்காரர் வெறும் தந்தியைத் தவிர்த்து விரலால் அந்தச் சுரத்தைப் பிடிக்கிறார். அதே ஈ சுரம், ஏ-யோடு சேரும்போது ஓர் இடத்திலும் சி-யோடு சேரும்போது வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும். நம் கச்சேரியில் தம்பூரா ஆதாரத்தை நிலைநிறுத்திக் கொடுக்கிறது. இங்கே ஆதாரமே கணத்துக்குக் கணம் இடம் மாறுகிறது, அது எங்கே இருக்கிறது என்பதை நால்வரும் ஒருவர் ஒலியிலிருந்து ஒருவர் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நால்வரில் ஒருவர் மாறிப் புதியவர் வந்தால், இந்தக் கணக்கெல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. நீண்ட காலம் சேர்ந்திருப்பதை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்த காரணம் இரண்டாம் வயலின். நால்வர் குழுவில் மிகக் கடினமான இடம் அதுதான் என்று கேட்கக் கேட்க உறுதியாக நம்புகிறேன். அதைப் பக்கவாத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே வரிக்குள் முதல் வயலினோடு ஒரு ஸ்தாயி இடைவெளியில் இணைந்து பாடுவது, உடனே வயோலாவோடு சேர்ந்து உள்ளே துடிக்கும் தாளமாக மாறுவது, அடுத்த நொடியில் தானே மெட்டை ஏற்பது என்று மூன்று வேலை அதற்கு. பிரைனினின் வாசிப்பு வெளிப்படையானது. அடர்ந்த விரலதிர்வும், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் பழைய வியன்னா நளினமும், ஒரு கணத்தில் தோன்றியதை அக்கணமே செய்துவிடும் துணிவும் கொண்டது. அப்படிப்பட்ட ஒருவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த நிசல், அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை முன்கூட்டியே உணர்ந்து அங்கே போய் நின்றிருப்பார். மொசார்ட்டின் மெதுவான பகுதிகளில் பிரைனின் ஒரு சொற்றொடரைச் சற்றே நீட்டும் இடங்களில், உள்ளே ஓடும் இரண்டாம் வயலினின் சிறு சுரங்கள் அந்த நீட்சிக்கு ஏற்ப அகலமாகி, பிறகு அடுத்த தாளத்தில் தடம் தெரியாமல் சமமாவதைக் கவனித்தால் நிசலின் கலை புரியும். குழுவின் கணக்கு வழக்குகளையும் பயண ஏற்பாடுகளையும் பெரும்பாலும் கவனித்துக்கொண்டவரும் அவர்தான்.

அவர்கள் ஒலிப்பதிவு செய்தவற்றின் நடுமையம் வியன்னா: ஹெய்டன், மொசார்ட், பெத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ். பெத்தோவனின் நால்வரிசைகள் முழுவதையும் 1959 முதல் 1963 வரை டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள். பியானோவோடு வாசித்தவற்றில், எமில் கிலெல்ஸுடன் அவர்களில் பிரைனின், ஷிட்லோஃப், லவெட் மூவரும் பதிவு செய்த பிராம்ஸின் ஜி மைனர் பியானோ நால்வரிசையை நான் தனியாகக் குறிப்பிட வேண்டும். அதன் கடைசிப் பகுதியின் ஜிப்ஸி நடையில் கிலெல்ஸின் கனத்த கையும் இந்த மூவரின் இலகுவும் ஒன்றையொன்று துரத்துவது அபாரம்.

இதில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் ஜெர்மனியுடையது; பதிவுகளில் பல ஹனோவரில் நடந்தன. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே ஜெர்மனியில் கச்சேரி செய்யத் தொடங்கியவர்கள், பின்னாளில் கொலோன் இசைக் கல்லூரியில் பேராசிரியர்களாக ஜெர்மானிய இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தங்களைத் துரத்திய மொழிக்கும் நிலத்துக்கும், அந்த மொழியின் இசையை ஏந்திக்கொண்டு திரும்பிப் போவது எத்தகைய மன உறுதியைக் கேட்டிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஹெய்டனும் ஷூபர்ட்டும் நாஜிகளுக்கு மட்டும் சொந்தமாகிவிட அவர்கள் விடவில்லை. இதை அவர்கள் மேடையில் பேசி அறிவிக்கத் தேவையிருக்கவில்லை. ஷூபர்ட்டின் ஜி மேஜர் நால்வரிசையை அவர்கள் வாசித்த விதமே அறிவித்தது.

குறை சொன்னவர்களும் உண்டு, அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் படைப்புகளை அவர்கள் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஜூலியர்ட் குவார்டெட், ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக்கின் ஆறு நால்வரிசைகளைத் தன் அடையாளமாக்கிக்கொண்டு, புதிய இசையை இடைவிடாமல் முன்வைத்தது. அமாடியஸின் முதல் வயலின் அளவுக்கு மீறி இனிக்கிறது என்று எழுதியவர்களும் இருந்தார்கள். பெத்தோவனின் கடைசி நால்வரிசைகளில் சில இடங்களில், இனிமை குறைந்து எலும்பு தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. ‘பெரும் ஃபியூக்’ எனப்படும் அவருடைய ஓபஸ் 133 நால்வரிசைப் படைப்பை அவர்களிடம் கேட்பதைவிட வேறு குழுக்களிடம் கேட்கவே விரும்புகிறேன். ஆனால் ஹெய்டனிடமும் மொசார்ட்டிடமும் ஷூபர்ட்டிடமும் அந்த இனிமை ஒப்பனையாக ஒருபோதும் எனக்குப் படவில்லை. அது பேச்சின் தொனி, ஊர் வழக்கு. வியன்னாவில் பிள்ளைப் பருவத்தில் காதில் விழுந்த மொழியின் ஏற்ற இறக்கம் அந்த வில்களில் இருந்தது.

புதிய இசையில் குறைவாக ஈடுபட்டவர்களிடம் வந்து சேர்ந்த ஒரு புதிய படைப்பு, அவர்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய கணங்களில் ஒன்றாக அமைந்தது. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1975-ஆம் ஆண்டு இறுதியில், இதய அறுவைக்குப் பிறகு உடல் மிகவும் தளர்ந்திருந்த நிலையில், தம் மூன்றாம் தந்தி நால்வரிசையை எழுதினார். கடைசிப் பகுதியை வெனிஸ் நகரில் தங்கியிருந்தபோது எழுதி முடித்து, அந்த நகரத்தின் பழைய பட்டப்பெயரான ‘லா செரெனிஸிமா’ என்பதையே அதற்குச் சூட்டினார். நால்வரிசையை இசை விமர்சகர் ஹான்ஸ் கெல்லருக்குக் காணிக்கையாக்கினார். கெல்லரும் வியன்னாவிலிருந்து தப்பி வந்து, 1940-இல் அடைக்கப்பட்ட ஒரு யூத அகதிதான். முதல் பகுதியின் பெயர் ‘இருவரிசைகள்’. நான்கு வாத்தியங்களில் இரண்டிரண்டாக எத்தனை இணை சேர்க்க முடியுமோ அத்தனையையும் பிரிட்டன் அதில் சேர்த்துப் பார்க்கிறார். நால்வருக்குள் ஆறு இணைகள் ஒளிந்திருப்பதை இசையாகவே எண்ணிக் காட்டுகிறார். மூன்றாம் பகுதியில் முதல் வயலின் உயரத்தில் தனியாகப் பாட, மற்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குக் கீழே வந்து நிற்கின்றன. கடைசிப் பகுதி, செல்லோவில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அடிமெட்டின் மேல் மெதுவாக நடந்து, எதிர்பார்த்த இடத்தில் சமனடையாமல், கேள்வி கேட்பதுபோல நின்றுவிடுகிறது. 1976 செப்டம்பரில் அமாடியஸ் நால்வரும் பிரிட்டனின் இல்லத்துக்குச் சென்று அதை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். டிசம்பர் 4-ஆம் தேதி அவர் இறந்தார். டிசம்பர் 19-ஆம் தேதி, அவர் உருவாக்கிய ஸ்னேப் மால்ட்டிங்ஸ் அரங்கில் அவர்கள் அதை முதன்முதலாக மக்கள் முன் வாசித்தார்கள். எழுதியவர் இறந்து பதினைந்து நாட்களில், அவர் ஊர்க்காரர்கள் முன்னிலையில், கேள்வியாக முடியும் அந்தக் கடைசிக் கூட்டொலியை எத்தனை விநாடி பிடித்து வைத்து, பிறகு வில்லை எப்படி எடுத்திருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்காமல் என்னால் அந்தப் படைப்பைக் கேட்க முடிவதில்லை.

பெரும்பாலான புகழ்பெற்ற நால்வர் குழுக்கள் ஆட்களை மாற்றிக்கொண்டே வாழ்கின்றன. 1917-இல் தொடங்கிய புடாபெஸ்ட் குவார்டெட்டில் 1936-க்குள் ஹங்கேரியர் ஒருவர்கூட மிஞ்சவில்லை, நால்வரும் ரஷ்யர்கள். ஆனாலும் அது மாபெரும் குழுவாகவே இருந்தது. போரோடின் குவார்டெட்டில் செல்லோ வாசித்த வாலண்டின் பெர்லின்ஸ்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே நாற்காலியில் இருக்க, மற்ற மூன்று நாற்காலிகளில் ஆட்கள் மாறி மாறி வந்தார்கள். 1975-இல் புடாபெஸ்ட்டில் தொடங்கிய டாக்காச் குவார்டெட் அமெரிக்காவின் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்து, புதிய உறுப்பினர்களோடு இன்றும் மிக உயர்ந்த தரத்தில் வாசிக்கிறது. ஆள் மாற்றுவது தவறு என்று எவரும் சொல்ல முடியாது. வந்தவர் கொண்டுவரும் புதுக் காற்றால் ஒரு குழு மீண்டும் உயிர்பெற்ற கதைகள் ஏராளம். அமாடியஸ் நால்வர் மட்டும் வேறு வகையாகத் தீர்மானித்திருந்தார்கள். ஒருவர் இல்லையென்றால் குழு இல்லை என்பது அவர்களுக்குள் ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

1987-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், குழுவுக்கு நாற்பதாவது வயது நடந்துகொண்டிருந்தபோது, பீட்டர் ஷிட்லோஃப் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது 65. மற்ற மூவருக்கும் இன்னும் பல ஆண்டுகள் வாசிக்கத் திறன் இருந்தது. கச்சேரி அழைப்புகள் குறைந்திருக்கவில்லை. அவர்களோடு சேர வாய்ப்புக் கிடைத்தால் உலகின் எந்த வயோலாக் கலைஞரும் மறுத்திருக்க மாட்டார். அவர்கள் யாரையும் அழைக்கவில்லை. அமாடியஸ் குவார்டெட் அன்றோடு நின்றது. இதை நண்பனுக்குச் செலுத்திய மரியாதை என்று மட்டும் எழுதுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மரியாதை இருந்தது உண்மைதான். ஆனால் இது ஒரு கலை முடிவும்கூட என்பது என் எண்ணம். செல்லோவின் சி தந்தி எவ்வளவு ஏற வேண்டும் என்பதும், பிரைனின் நீட்டும்போது நிசல் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதும், ஷிட்லோஃபின் அந்தத் திரை விழுந்த குரலை நடுவில் வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளில் கணக்கிடப்பட்டவை. அந்தக் குரலை எடுத்துவிட்டு அதே பெயரில் வாசித்தால், அது வேறொரு குழுவாக இருந்திருக்கும், நல்ல குழுவாகவே இருந்திருக்கலாம். அந்த வேறுபாட்டைக் கேட்கக்கூடிய காதுகள் அந்த மூவருக்கும் இருந்தன.

மூவரும் கற்பித்தலைத் தொடர்ந்தார்கள். இளம் குழுக்கள் அவர்கள் முன் அமர்ந்து வாசித்தன. அவர்களிடம் பயின்றவற்றுள் ஒன்றான, கொலோனில் 1981-இல் தொடங்கிய ஆரின் குவார்டெட், தானும் அதே நால்வரோடு நாற்பது ஆண்டுகள் நிலைத்தது. பிரைனின் 2005-இலும், நிசல் 2008-இலும் மறைந்தார்கள். முகாமைக் காணாத, நால்வரில் இளையவரான லவெட், 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தம் 93-ஆம் வயதில் மறைந்தார்.

நேற்றிரவு மறுபடியும் 1986-ஆம் ஆண்டுப் பதிவை எடுத்தேன். முந்தைய இரண்டையும்விட இதில் சிறு பிசிறுகள் அதிகம். பிரைனினின் விரல்களுக்கு வயதாகியிருப்பது சில உயரச் சுரங்களில் தெரிகிறது. இரண்டாம் பகுதி தொடங்கியதும், முதல் வயலினின் துணுக்குகளை அவற்றின் போக்கில் விட்டுவிட்டு, நடுவில் நகரும் மூன்று குரல்களுக்குள் வயோலாவை மட்டும் தேடிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் வயலின் வில்லைத் திருப்பும் கணங்களில் அது அரை மாத்திரை அளவுக்குச் சற்றே மேலெழுந்து, மூடி, மீண்டும் உள்ளே போய்விடுகிறது. பகுதி முடியும்வரை அது ஒருமுறைகூடத் தவறவில்லை.